வெளித்தாழ்ப்பாள்

செருப்பக் கீழயே கழட்டிட்டீயளா? நல்லது. செல்போன அந்த ஸ்டூல் மேல வச்சிருங்க சார். ஆஃப் பண்ணினாப் பத்தாது, ரூம்புக்குள்ளயே வரக்கூடாது. எவனாவது கூப்பிடுததுக்கு ஒரு செகண்டு முந்தி ஸ்பீக்கர்ல ஒரு இரைச்சல் வரும், கேட்டிருப்பீய. வாட்ச்சயும் கழட்டிருங்க. சிரிக்காதீங்க, உங்களுக்குக் கேக்காது, எனக்கு அந்த டிக் டிக் கேக்கும். இந்த ரூம்புல ஒரு கடிகாரம் வைக்கல பாத்துக்கிடுங்க. உள்ள வாங்க.

ஏளா அமலி! சாரு உள்ள வந்துட்டாரு. தாழ்ப்பாளப் போடு.

கேட்டீயளா? டர்ர்... டக். அவ்வளவுதான், இனி ஊருக்கும் நமக்கும் ஒட்டும் கெடையாது உறவும் கெடையாது.

முழிக்காதீங்க. இந்தக் கதவுல சுத்தி ரப்பர் ஒட்டியிருக்கேன். வெளிய இருந்து இழுத்துத் தாழ்ப்பாப் போட்டாத்தான் காத்துப் போகாம இறுகும். உள்தாழ்ப்பா ஒண்ணு இருந்துச்சு. தவில் அடிக்கும்போது கடகடன்னு ஆடிச்சு, கழட்டி எறிஞ்சுட்டேன். வெளிய உள்ளது எங்கம்மா காலத்துலயே போட்டது. மாடி ரூம்புக்கு எதுக்கு வெளிய தாழ்ப்பா போட்டாளோ, தெரியல. நமக்கு உதவிச்சு. தூத்துக்குடில உப்புக் காத்து, இந்தப் பக்கம் அனல்மின் நிலையத்துக் கரிச்சாம்பல். ஜன்னல செங்கல் வச்சு அடச்சுப் பூசிட்டேன். செவுத்துல பூரா நார் மெத்தை, அதுக்கு மேல தெர்மாகோல், அதுக்கு மேல துணி. நீங்க இங்கன தொண்டை கிழியக் கத்தினாலும் கீழ ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது. பந்தயமே கட்டுவேன்.

பாட்டு முடிஞ்சா எப்படி வெளிய போறதா? ஒரு சைடு நாப்பத்தஞ்சு நிமிஷம். முடியவும் அவ கரெக்டா டீயோட வந்து தொறப்பா. நான் கூப்பிடவே வேண்டாம். பதினெட்டு வருஷமா ஒரு நாள் பிந்தினது இல்ல. எனக்குக் கடிகாரமே அவதான்.

உங்க பேரு என்ன சொன்னீய, தனுஷ்கோடியா? மதுரையில இருந்து இதுக்குன்னு பஸ் ஏறி வந்திருக்கீய. மொதல்லயே சொல்லிருதேன் சார், நீங்க வருத்தப்படக்கூடாது. நான் இத விக்கல. உங்களுக்கு எவனோ வேணும்னே போன்ல தப்புத் தகவல் சொல்லியிருக்கான். பொம்பளக் குரலா? ஆமா, எனக்கு ஆள் தெரியும். திரேஸ்புரத்துல வியாகுலம்னு ஒருத்தன், முந்தி ரேடியோக் கடை வச்சிருந்தான். இந்த மெஷின் மேல அவனுக்கு ஒரு கண்ணு. அவன் பொண்டாட்டியப் பேச விட்டிருப்பான். இல்லாம நம்ம வீட்டு அட்ரஸ், எந்த நேரம் வந்தா நான் இருப்பேன், இதெல்லாம் வேற யாருக்குத் தெரியப் போகுது?

வந்தது வந்துட்டீய. கேட்டுட்டுப் போங்க. எல்லாருக்கும் கெடைக்காது.

இதுதான். தொடாம பாருங்க. கேசட் டெக்கு, ஜப்பான்காரன் கைவேலை. ரெண்டு பக்கமும் மரப்பலகை, இந்த முள்ளு ஆடுது பாருங்க, பிள்ளைக்குக் கண் இமை துடிக்குத மாதிரி. மூணு ஹெட்டு சார். பதிய ஒண்ணு, கேக்க ஒண்ணு, அழிக்க ஒண்ணு. துபாய்ல எங்க மேனேசரு ஊருக்குத் திரும்பும்போது எனக்குத் தந்துட்டுப் போனாரு. அந்தத் தடவை லீவுல வந்தவன் பூராவும் கம்பளியும் கோடாலித் தைலமும் கொண்டு வந்தான். நான் இத மடியில வச்சுக்கிட்டு வந்தேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல எம்மவ பிரின்சி ஓடி வாறா, அப்பான்னுட்டு. எட்டு வயசு. ‘மேல விழுந்துராத பிள்ள’ன்னுட்டேன். பொறவு கொஞ்சினேன். மொதல்ல இத வண்டியில வைக்கணும்லா?

இருங்க, டேப்பப் போடுதேன்.

இது என்னது? உள்ள ஏற்கெனவே ஒண்ணு கெடக்கு. நான் போடலியே. ஓ, இதா... இது கண்ட டேப்பு சார். அமலி பேசி அனுப்புனது. அந்தக் காலத்துல கடுதாசி எழுதப் பொழுதில்லாம டேப்புல பேசி யாராவது ஊருக்கு வந்து போறவன்கிட்டக் குடுத்து விடுவாங்க. இவ வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு அனுப்புவா. எல்லாம் மூணாந்தர டேப்பு. துகள் உதிரும். ஹெட்டுல ஒட்டிச்சுன்னா முடிஞ்சுது கதை. அதனால இந்த மெஷின்ல அத நான் ஓட்டினதே கெடையாது. ஒரு ஷூ டப்பாவுல போட்டு அலமாரியில வச்சிருக்கேன். காலையில பெருக்க வந்தாளே, எடுத்து விளையாடியிருக்கா போல. புத்தி எங்க போகுதுன்னு தெரியல. இந்த மூலையில கெடக்கட்டும்.

இப்பம் கேளுங்க. நாதஸ்வரம். இசைத்தட்டுல இருந்து நான் பதிஞ்சது. பாட்ட யாரு சார் கேக்கா? பாட்டு எல்லா டீக்கடையிலயும் கேக்கும். ஆரம்பிக்கதுக்கு முன்னால அந்த மனுசன் வாயில வச்சு ஊதுத சீவாளிய நாக்கால நனைக்காரு. இந்தா... கேட்டுச்சா? அவ்வளவுதான் சார்! இதுக்குத்தான் இத்தனை பாடும்.

பேசலாம், பேசலாம். நல்ல எடம் வரும்போது கையத் தூக்குதேன், அப்பம் நிறுத்திக்கிடுவோம்.

பிள்ளைகளா? ஒரே மவதான், ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்கு. அத ஏன் கேக்கீய. பெத்த மவ என்னைய ஊர் சிரிக்க வச்ச கதை அது. நீங்களே சொல்லுங்க, நியாயம் யாரு பக்கம்னு.

போன மழைக்கு முந்தி ஏழாம் மாசம் வளைகாப்பு முடிச்சு மருமவன் கொண்டு வந்து விட்டுட்டுப் போனான். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான? வந்த அன்னைக்கே அமலி ஓலைக் கொட்டான்ல சாம்பிராணி வாங்கி வச்சுட்டா. பிள்ளையக் குளுப்பாட்டிப் புகை போடணுமாம். நான் பதமாத்தான் சொன்னேன், ‘ஏளா, பிள்ளைக்கு என்ன வேணும்னாலும் செய்யி, சாம்பிராணி மட்டும் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம், புகை ஹெட்டுல படியும்’னு. பிரின்சி என்னைய ஒரு பார்வை பாத்தா. வயித்துல கைய வச்சுக்கிட்டு, ‘அப்பா, அப்பம் பிள்ள மூச்சு விடலாமா?’ங்கா. கிண்டல் சார். தகப்பன்ட்ட கிண்டல்.

சரி, அது போகட்டும். இருங்க... கை தூக்கிருக்கேன்லா.

ம். பாத்தீயளா? மூச்சு. வாங்குத மூச்சு.

பொறவு மார்கழில அந்த மழை. நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீய. ஒரே நாள்ல வீட்டுக்குள்ள முழங்காலுக்கு மேல தண்ணி. கரண்டு இல்ல. அரிசிப்பானை மெதக்குது. அமலி மவளப் பிடிச்சுக்கிட்டு மாடிக்கு ஏறி வந்துட்டா. ஒம்பது மாசம். மேல இந்த ஒரு ரூம்புதான், மிச்சம் மொட்டை மாடி, அதுல மழை கொட்டுது. வந்து கதவத் தட்டுதா, ‘பிரின்சி அப்பா, கதவத் தொறங்க, பிள்ள ஒரு நாழி நீட்டிப் படுக்கட்டும்’னு.

நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க. ஈரத் துணியோட ரெண்டு பேரு உள்ள வந்தா என்ன ஆகும்? ஈரம் பிடிச்சா டேப்புல பூஞ்சை வந்துரும். ஆயிரத்துச் சொச்சம் டேப்பு. கரண்டு இல்லாம மெஷின் வேற ரெண்டு நாளாச் சும்மாக் கெடக்கு. நான் துணியக் கதவிடுக்குல அடச்சு, கதவுல முதுகக் குடுத்து ஒக்காந்திருந்தேன். கல்நெஞ்சக்காரன் இல்ல சார். கதவு வழியாச் சொன்னேன், ‘படிக்கட்டு நல்ல அகலந்தான, அங்கன படுக்க வைய்யி’ன்னு. எங்கப்பா கட்டினது, நாலடி அகலம். தலைக்கு மேல ஓடும் இருக்கு, நனையாது. ரெண்டு நாளு அங்கனதான் இருந்தாங்க. ஒண்ணும் ஆகலியே. ஒண்ணும் ஆகல.

மூணாம் நாளு மருமவன் எங்கயோ ஒரு டிராக்டரப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டான். பின்னால பெட்டியில பாயப் போட்டு அவள ஏத்திக் கூட்டிட்டுப் போயிட்டான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. தலைப்பிரசவம் மாமியார் வீட்டுல நடந்திருக்கு சார்! ஊருல எவனாவது ஒத்துக்கிடுவானா? கோயில்ல கேக்கானுவ, ‘என்ன கஸ்பாரு, மவளுக்குப் பிரசவம் பாக்க வக்கில்லாமப் போச்சா?’ன்னு. தலைநிமிந்து நடந்தவன் நான். என் மானத்த டிராக்டர்ல ஏத்திட்டுப் போயிட்டா. அதத்தான் சொல்லுதேன், பெத்த மவ.

பேரப்பிள்ளைக்கு இப்பம் எட்டு மாசம். ஆம்பளப்பிள்ள. நான் பாக்கல. எங்க போக? இந்த ரப்பர் சக்கரம் ரெண்டு நாளு ஓடலன்னா இறுகிப் போயிரும், தெனம் ஓட்டணும். இந்த ஊர விட்டு நான் போயிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. கடைசியாப் போனது எந்தம்பி அடக்கத்துக்கு, அதுவும் போனதும் வந்தாச்சு. அமலி ஞானஸ்நானத்துக்குப் போகணும்னு ஒரு தடவை கேட்டா. ‘நீ போயிட்டா யாரு தாழ்ப்பாப் போடுதது?’ன்னேன். நியாயந்தான? அவளும் யோசிச்சுப் பாத்திருப்பா. அதுக்குப் பொறவு கேக்கவே இல்ல. அதுலதான் சார் அவ நல்லவ. ஒரு தடவை சொன்னாப் புரிஞ்சுக்கிடுவா. இப்பமெல்லாம் பேச்சே கெடையாது, வேலைய மட்டும் பாப்பா. எனக்கும் நிம்மதி.

கல்யாணம் ஆன புதுசுலயும் அப்படித்தான், சொன்ன பேச்சு மீற மாட்டா. கட்டின மூணாம் மாசம் நான் துபாய் போயிட்டேன். சின்னப் பொண்ணு, பாக்க லட்சணமா இருப்பா. எங்கம்மாவுக்கு எழுதினேன், ‘ஊர் கெட்டுக் கெடக்கு, கண்ணுல வச்சுப் பாத்துக்கிடுங்க’ன்னு. அம்மா அப்படியே பாத்துக்கிட்டா. பதினேழு வருஷம் நான் அங்க, ஒரு பேச்சு வரல எம்பொண்டாட்டி மேல. எத்தனை பேரு வீட்டுல என்னென்னமோ நடந்துச்சு.

டக். ஏ சைடு முடிஞ்சுது.

இந்தா வந்துருவா.

...

துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருப்பா. பரவால்ல, திருப்பிப் போடுதேன். பி சைடுதான் உண்மையில நல்லாருக்கும். தவில் தனி வருது. வேர்க்குதா? ஏசிய ஆஃப் பண்ணிட்டேன், அது உர்ர்னு ஒரு சத்தம் போடும். சட்டையில மேல் பட்டன் ரெண்டக் கழட்டிக்கிடுங்க, நமக்குள்ள என்ன.

ஏன் கதவையே பாக்கீய? டீ வரும் சார். டீ வரும். இன்னைக்கு உங்களுக்காக முந்திரிக்கொத்து கூடப் போட்டிருந்தாளே, கீழ நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தீய. எனக்கே ஆச்சரியம். அவ யார்ட்டயும் பேச மாட்டா.

இந்த எடத்த மட்டும் கேளுங்க. கை தூக்கிருக்கேன்.

...

முடிஞ்சுது. ஒன்றரை மணி நேரம் போனதே தெரியல பாத்தீயளா.

ஏளா! ஏளா அமலி!

தட்டாதீங்க சார், ரப்பரு கிழிஞ்சிரும். தட்டினாலும் கேக்காது. நான்தான் சொன்னேன்லா.

என்னது? என்ன சொன்னா? திரும்பச் சொல்லுங்க. பக்கத்து வீட்டு ஜெனோவா வந்து தொறப்பாளா? எதுக்கு ஜெனோவா? ஆறு மணிக்கா? ‘அவரு விக்கலன்னுதான் சொல்லுவாரு, நீங்க ரெண்டு சைடும் ஒக்காந்து கேளுங்க, சாயந்தரம் அவரே எடுத்துட்டுப் போங்கன்னுருவாரு’ன்னாளா? யாரு, அமலியா? அப்பம் போன் பண்ணினது... போங்க சார். அவளுக்கு உங்க நம்பரு எப்படித் தெரியும். அவ கோயிலுக்குப் போயிருப்பா. இன்னைக்கு என்ன கெழமை? கெழமை எதா இருந்தா என்ன, கோயில் தொறந்துதான இருக்கும்.

வாசல்ல பெரிய பை இருந்துச்சா? சலவைக்குப் போட எடுத்து வச்சிருப்பா.

நீங்க பதறாதீங்க, உங்களப் பாத்து எனக்கும் ஒரு மாதிரி ஆகுது. தண்ணியா? தண்ணி உள்ள வைக்கக்கூடாது சார், மெஷினு இருக்குத எடம். வேற ஒரு டேப்பு போடட்டா? அந்த அலமாரியில மேல் தட்டுல... அந்த ஷூ டப்பாவக் கொஞ்சம் நகட்டிட்டு... டப்பா எங்க? இங்கனதான் இருந்துச்சு. இருபத்தி ரெண்டு டேப்பு. தூசி படிஞ்ச எடம் சதுரமா அப்படியே இருக்கு. அவ பேசின டேப்பு எல்லாத்தையும் எடுத்திருக்கா. அத வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறா? ஓட்டுததுக்கு அவகிட்ட மெஷினு எங்க இருக்கு?

ஒண்ணுதான் மிச்சம். அந்த மூலையில கெடக்கே, உள்ள இருந்து எடுத்தோமே, அது.

அதப் போடவா? வேண்டாம் சார், துகள் உதிரும்னு சொன்னேன். ஹெட்டு... சரி. சரி, நீங்க இவ்வளவு சொல்லுதீய. ஒரு தடவைதான், பொறவு ஸ்பிரிட் வச்சுத் துடச்சுக்கிடுதேன். பி சைடு பாத்து நிக்குது. பாதி வரைக்கும் வேற ஓட்டி வச்சிருக்கு. பி சைடு நான் கேட்டதே கெடையாது. துபாய்ல ஒரு ரூம்புல எட்டுப் பேரு சார். ‘நல்லாருக்கீயளா, பிள்ள நல்லாருக்கா’ அது வரைக்கும் கேப்பேன், பொறவு எவனாவது பாட்டு போடச் சொல்லுவான்.

இரைச்சல் பாருங்க. இருங்க, ஹெட்ட ஒரு மயிரிழை திருப்பணும். இந்தா... இப்பம் தெளிஞ்சிருக்கு. அமலிதான். குரலு எவ்வளவு சின்னதா இருக்கு. நான் சொல்லுதேன், உங்களுக்கு அவ பேச்சு பிடிபடாது. ‘பிரின்சி அப்பா, மாமி கோயிலுக்குப் பொறப்படுதாங்க’ங்கா. எங்கம்மாவச் சொல்லுதா. ‘செத்த நேரம் கேளுங்க, இப்பம் சத்தம் வரும்’ங்கா.

டர்ர்... டக்.

கேட்டீயளா! சார், கேட்டீயளா! தாழ்ப்பா! முப்பது வருஷத்துக்கு முந்தி, சோப்பு டப்பா மாதிரி ஒரு ரெக்கார்டரு, அழுகல் டேப்பு, அதுல இருந்து இந்தத் தாழ்ப்பாள எடுத்துக் குடுக்குது பாருங்க என் மெஷினு! உலகத்துல வேற எது குடுக்கும்? இதுக்குத்தான் நான்... இருங்க, திரும்பப் போடுதேன்.

டர்ர்... டக்.

இது நம்ம தாழ்ப்பா சார். இழுத்துட்டுத்தான விழும், டர்ர்னுட்டு. வேற எதுவும் அப்படி விழாது. இந்தக் கதவு. இந்த ரூம்பு.

‘ஆறு மணிக்கு வந்து தொறப்பாங்க’ங்கா.

‘தெனமும்’ங்கா.

‘பிள்ள தண்ணி கேக்கா. பானை கீழ இருக்கு. நான் ஜன்னல்ல நின்னு யாரையும் கூப்பிட மாட்டேன், அப்புறம் அதுக்கும் மாமி ஏசுவாங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதுங்க. என்னைய எங்கயும் விட வேண்டாம். தாழ்ப்பா மட்டும் போட வேண்டாம்னு எழுதுங்க. பிள்ளைக்குப் பயமா இருக்கு.’

பின்னால தொப்பு தொப்புன்னு ஒண்ணு கேக்குதுலா. அது பிரின்சி. கதவத் தட்டுதா. ரெண்டு வயசு இருக்கும் அப்பம். கை சின்னது, அதான் சத்தம் அப்படி அமுங்குது.

நான் எழுதல சார். நான் இதக் கேக்கவே இல்லியே.

ஜன்னல்னு சொல்லுதா பாருங்க. அங்கனதான் இருந்துச்சு, அந்தச் செவுத்துல.

நிறுத்திட்டேன். டேப்பு இன்னும் கெடக்கு, அவ பேசிக்கிட்டேதான் இருப்பா. எனக்குப் போதும். ஜெனோவா ஆறு மணிக்கு வருவான்னுதான அமலி சொன்னா? ஆறுதான? நல்லாக் கேட்டீயளா?

ஏளா அமலி!

...

கேக்காது. எனக்குத் தெரியும்.

நீங்க ஏன் கையப் பாக்கீய? வாட்ச்சு வெளியலா இருக்கு.

மணி என்ன சார் இருக்கும்?